மாலை ஐந்து மணி றோல்ஸ்: கொழுப்புணவின் மீது எழும் ஆசை பற்றி ஒரு பதில்

களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்முனைப் பக்கமுள்ள பாடசாலையொன்றுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் 47 வயது ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு எடுத்த இரத்தப் பரிசோதனையில் அவருடைய எல்.டி.எல். கொலஸ்ட்ரோல் (கெட்ட கொலஸ்ட்ரோல் என்று சொல்வது) டெசிலீற்றருக்கு 172 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது; எடை 74 கிலோ. கிளினிக்கில் கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து மூன்று மாதமாகத் தேங்காய்ப்பால், முட்டை, இறால், பொரியல், தயிர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். காலையில் மூன்று கிரீம் கிராக்கர் பிஸ்கற்றும் ஒரு பிளேன்ரீயும், பாடசாலையில் ஒன்றுமில்லை, இரண்டரை மணிக்கு வீட்டில் சிவப்பரிசிச் சோறு, அவித்த மரக்கறி, தண்ணியாக வைத்த மீன் சாறு, இரவில் நான்கு இடியப்பமும் பால் விடாத சொதியும். ஆனால் ஐந்து மணிக்குப் பிள்ளையை ரியூசனில் விட்டுத் திரும்பும்போது சந்திக் கடையில் றோல்ஸ் பொரிக்கும் வாசனை வந்தால் கால் நகர மறுக்கிறதாம். மூன்று வாங்கி, வீட்டுக்குத் தெரியாமல் வழியிலேயே சாப்பிட்டு முடிக்கிறார். இரவில் நித்திரை வராமல் கைப்பேசியில் புரியாணி சமைக்கும் காணொளிகளைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். "உடம்பு கேட்கிறதைக் குடுக்கத்தானே வேணும்" என்கிறார் மாமியார். உண்மையிலேயே தன் உடம்புக்குக் கொழுப்புத் தேவைப்படுகிறதா, அல்லது தனக்குத்தான் மனவுறுதி இல்லையா, தயிரையாவது திரும்பத் தொடங்கலாமா என்று கேட்கிறார்.

சகோதரி, நான் வைத்தியர் இல்லை. கிளினிக்குக்கு வருபவர்களுக்கு உணவு முறையை விளக்கிச் சொல்லும் வேலையில் நெடுங்காலம் இருந்திருக்கிறேன். உங்களுடைய கதையைச் சிறுசிறு மாற்றங்களோடு பலரிடம் கேட்டிருக்கிறேன். ஆகவே முதலில் ஒரு கேள்வியை நான் உங்களிடம் கேட்கிறேன். அந்த ஐந்து மணிக்கு, அந்தக் கடை வாசலில், ஒருவர் உங்கள் கையில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயை ஊற்றிக் கொடுத்தால் குடிப்பீர்களா? மூன்று றோல்ஸில் இருக்கக்கூடிய கொழுப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். உடம்பு கேட்பது கொழுப்பு என்றால் அந்த எண்ணெய் அமிர்தம்போல் இருக்க வேண்டும். நீங்கள் முகம் சுளிப்பீர்கள், யாரும் சுளிப்பார்கள். இதிலிருந்தே பாதி விடை கிடைத்துவிடுகிறது. உங்களை இழுப்பது கோதுமை மா, கிழங்கு, மீன், உப்பு, மிளகு, மொறுமொறுப்பான மேலோடு, சூடு, இவையெல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும் கொழுப்பு என்ற கூட்டு.

இந்தக் கூட்டுக்குத் தனி வலிமை உண்டு. 2018இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கொழுப்பு மட்டும் மிகுந்த உணவு, மாப்பொருளும் சீனியும் மட்டும் மிகுந்த உணவு, இரண்டும் சேர்ந்த உணவு ஆகியவற்றைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பணம் கொடுக்க முன்வருகிறார்கள் என்று பார்த்தார்கள். கலோரி அளவு சமமாக இருந்தும், இரண்டும் சேர்ந்த உணவுக்கே மக்கள் அதிக விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள். மூளையில் வெகுமதி உணர்வோடு தொடர்புடைய பகுதிகளும் அதற்கே அதிகமாகத் துலங்கின. இயற்கையில் கொழுப்பும் இனிப்பும் ஒன்றாகக் கிடைக்கும் உணவு அபூர்வம். இறைச்சியில் கொழுப்பு உண்டு, மாப்பொருள் இல்லை. வாழைப்பழத்தில் மாப்பொருள் உண்டு, கொழுப்பு இல்லை. இரண்டும் கலந்து நமக்கு முதன்முதலில் கிடைப்பது தாய்ப்பாலில். அதன் சக்தியில் ஏறத்தாழப் பாதி கொழுப்பிலிருந்தும் மீதியில் பெரும்பகுதி பாற்சீனியிலிருந்தும் வருகிறது. றோல்ஸுக்கும் தாய்ப்பாலுக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இந்தச் சுவையின் மீதான விருப்பம் கெட்ட பழக்கமாகத் தொடங்கியதல்ல என்பதைச் சொல்லவே இதை எடுத்தேன்.

அடுத்து, நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று பிஸ்கற்றும் சீனி போட்ட ஒரு பிளேன்ரீயும் சுமார் 130 கலோரி. ஒன்றரைக் கோப்பை சோறு 300. அவித்த மரக்கறியும் ஒரு துண்டு மீனும் சாறும் சேர்த்து ஒரு 150. ஆக, அதிகாலை எழுந்து, சமைத்து, பஸ்ஸில் நின்று, ஐந்து மணித்தியாலம் வகுப்பில் நின்று, திரும்பி வந்து, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வெளியே இறங்கும் ஐந்து மணிவரை உங்கள் உடம்புக்குள் போயிருப்பது 600 கலோரிக்குக் கிட்டத்தான். உங்கள் வயதில், உங்கள் எடையில், இந்த வேலையோடு ஒரு நாளைக்கு 1,800 கலோரிக்குக் குறையாமல் செலவாகும். எடை குறைய வேண்டுமென்றாலும் 1,400 அல்லது 1,500க்குக் கீழே நீங்களாக இறங்க வேண்டிய தேவை இல்லை. மூன்று றோல்ஸ் ஏறக்குறைய இன்னுமொரு 600. காலையும் மத்தியானமும் நீங்கள் சாப்பிடாமல் விட்ட சாப்பாட்டை ஐந்து மணிக்கு உடம்பு ஒரேயடியாக வசூலிக்கிறது. அதை நீங்கள் கொழுப்பின் மீதான ஆசை என்று பெயரிட்டுப் பயப்படுகிறீர்கள். எனக்குத் தெரிவது முக்கால் பங்கு சாதாரணப் பசிதான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் உங்களை அதிகமாகத் திட்டிக்கொள்வது இங்கேதான். 1944இன் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை தொடங்கியது. போரில் ஆயுதம் தூக்க மறுத்த, உடல்நலமும் மனநலமும் நன்றாக இருந்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். அன்செல் கீஸ் என்ற உடற்றொழிலியல் அறிஞரின் மேற்பார்வையில் 24 வாரங்களுக்கு அவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி அளவில், பெரும்பாலும் பாணும் உருளைக்கிழங்கும் போன்ற உணவு கொடுக்கப்பட்டது. கால்வாசி எடை குறைந்தது. ஆனால் எல்லோரையும் திகைக்க வைத்தது அவர்களுடைய மனம் போன போக்குத்தான். முன்பு சமையலில் எந்த அக்கறையும் இல்லாத ஆண்கள் சமையற் குறிப்புப் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள், சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், கனவு கண்டார்கள், தட்டை நக்கினார்கள், இரகசியமாகத் தின்றுவிட்டு அழுதவர்களும் இருந்தார்கள். கொள்கைக்காகப் போரையே மறுத்தவர்களை மனவுறுதி அற்றவர்கள் என்று யாராவது சொல்வோமா? இரவில் நீங்கள் பார்க்கும் புரியாணிக் காணொளிகள், அந்த இளைஞர்கள் வாசித்த சமையற் புத்தகங்களின் இன்றைய வடிவம். வயிறு போதுமான அளவு நிறைந்தால் அவை தாமாகவே சலித்துப்போகும்.

உள்ளே நடப்பதும் ஓரளவு தெரிந்ததே. 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்ற ஓமோன் கொழுப்பிழையத்திலிருந்து சுரந்து, சேமிப்புப் போதும் என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். எடை குறையத் தொடங்கினால் அது சரிந்துவிடும். 1999இல் யப்பானில் கண்டறியப்பட்ட கிரெலின் இரைப்பையிலிருந்து சுரந்து பசியைக் கிளப்பும். எடை குறைப்பவருக்கு அது கூடும். 2011இல் வெளிவந்த அவுஸ்திரேலிய ஆய்வொன்றில், பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்து எடை குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் இந்த ஓமோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. பசியும் அதிகமாகவே இருந்தது. நித்திரைக் குறைவும் இதே திசையில் தள்ளுகிறது. அதிகாலை நான்கு மணிக்கு எழும் ஒரு பெண், இரவு பன்னிரண்டுவரை கைப்பேசியோடு கிடந்தால் மறுநாள் ஐந்து மணி இன்னும் கடுமையாக இருக்கும்.

மாமியார் சொல்வதற்கு வருகிறேன். உடம்பு தனக்குக் குறைவானதைத்தான் கேட்கும் என்பது நம் வீடுகளில் ஆழமாக ஊறிய நம்பிக்கை. கர்ப்பிணி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பதிலிருந்து அது வருகிறது. அன்பிலிருந்து வந்த நம்பிக்கை என்பதால் அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் ஆசைக்கும் குறைபாட்டுக்கும் அப்படி நேரடியான தொடர்பு பெரும்பாலும் கிடையாது. இரும்புச்சத்துக் குறைந்தவர்கள் சிலர் மண், ஐஸ்கட்டி, பச்சை அரிசி போன்றவற்றைத் தின்ன ஏங்குவது உண்மை. ஆனால் அந்த மண்ணும் ஐஸும் இரும்பைத் தருவதில்லை. விற்றமின் குறைந்தவர் கீரைக்கு ஏங்கி நான் கண்டதில்லை. கொழுப்பு நமக்கு அவசியமானதுதான். லினோலெயிக் அமிலம், ஆல்பா-லினோலெனிக் அமிலம் என்ற இரண்டையும் உடம்பு தானாக உண்டாக்காது, உணவிலிருந்துதான் வர வேண்டும். விற்றமின் ஏ, டி, ஈ, கே ஆகியவை குடலில் உறிஞ்சப்படவும் கொழுப்பு வேண்டும்; முருங்கையிலையையும் பொன்னாங்காணியையும் வெறும் தண்ணீரில் அவித்துச் சாப்பிட்டால் அவற்றிலுள்ள கரோட்டின் சத்தில் பெரும்பங்கு வீணாகும், ஒரு பிடி தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினால் உடம்பில் சேரும். ஆகவே கொழுப்பே இல்லாத உணவு தவறு என்பதில் நான் மாமியாரின் பக்கம். ஐந்து மணிக்கு வரும் வேட்கை அந்தத் தவறின் அறிவித்தல் என்பதில் மட்டும் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

மிச்சக் கால் பங்கு பழக்கம். நாய்க்கு மணியடித்துச் சாப்பாடு போட்டால் பிறகு மணிச்சத்தத்துக்கே வாய் ஊறும் என்று ரஷ்யாவில் பவ்லோவ் காட்டியது பாடசாலையில் நீங்களே படிப்பித்திருக்கக்கூடும். உங்களுக்கு மணி என்பது அந்தச் சந்தி, அந்த எண்ணெய்ச் சட்டி, பிள்ளையை விட்டுவிட்டு வரும் அந்த அரைமணி நேரத் தனிமை. கூடவே இன்னொன்றும் நடந்திருக்கிறது: தினமும் கடும் பசியோடு இருக்கும் நேரத்திலேயே றோல்ஸ் உள்ளே போவதால், அதைத் தின்றால் பசி தீரும் என்ற பாடத்தைக் குடலும் மூளையும் மிக உறுதியாகப் படித்துவிட்டன. சொக்லேற்றை வைத்து இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு வாரம் பசித்திருக்கும்போது மட்டும் சொக்லேற் தின்றவர்களுக்கு அதன் மீதான ஏக்கம் கூடியது. சாப்பிட்டு முடித்த பின் மட்டும் தின்றவர்களுக்குக் குறைந்தது. ஒரே பொருள், ஒரே அளவு, நேரம்தான் வேறு. இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்று றோல்ஸ் ஏன், ஒன்றோடு ஏன் நிற்பதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்ற பழமொழிதான் காரணம். 1975இல் அமெரிக்காவில் இருந்து வெளிவந்த ஒரு பரிசோதனையில், உணவைக் கட்டுப்படுத்தி வருபவர்கள், வராதவர்கள் ஆகிய இரு சாராரிலும் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு எல்லோரையும் ஐஸ்கிறீமைச் சுவைத்து மதிப்பிடச் சொன்னார்கள். மில்க் ஷேக் குடித்தவர் குறைவாகத்தானே தின்ன வேண்டும்? கட்டுப்பாடு இல்லாதவர்கள் அப்படித்தான் செய்தார்கள். கட்டுப்பாட்டில் இருந்தவர்களிலோ, மில்க் ஷேக் குடித்தவர்கள் குடிக்காதவர்களைவிட அதிகமாகத் தின்றார்கள். விதி உடைந்துவிட்டது, இன்றைய நாள் போனது போனதுதான், நாளையிலிருந்து பார்ப்போம் என்ற எண்ணமே அதற்குக் காரணம். 'தேங்காய்ப்பால் ஒரு துளியும் கூடாது' என்று நீங்கள் போட்ட வேலி உயரமாக இருப்பதாலேயே, அது விழும்போது முழுதாக விழுகிறது. வீட்டுக்குத் தெரியாமல் தின்பது இதை இன்னும் மோசமாக்கும்; ஒளித்துத் தின்பவர் வேகமாகத் தின்பார், சுவைத்துத் தின்ன மாட்டார்.

இனி, விட்டுவிட்டால் ஆசை குறையுமா என்ற விடயம். குறையும், ஆனால் நிபந்தனை உண்டு. 1993இல் வெளிவந்த ஆய்வொன்றில் இரண்டு குழுவினர் 12 வாரம் கொழுப்பைக் குறைத்தார்கள். ஒரு குழுவினர் கொழுப்பின் சுவையையே தவிர்த்தார்கள். மற்றவர்கள் கொழுப்புப்போலவே சுவைக்கும் மாற்றுப் பொருட்களைச் சாப்பிட்டார்கள். முதற் குழுவினருக்கு நாக்கின் விருப்பமே இறங்கிவிட்டது. முன்பு பிடித்த அளவு கொழுப்பு இப்போது திகட்டியது. இரண்டாம் குழுவினருக்கு எந்த மாற்றமும் இல்லை. உங்களுக்கும் 12 வாரம் ஆகிவிட்டது, நாக்கு ஏன் இறங்கவில்லை? வீட்டுச் சாப்பாட்டிலிருந்து கொழுப்பின் சுவையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மாலையும் அதன் மிகக் கூர்மையான வடிவத்தை நாக்குக்கு நினைவூட்டி வருகிறீர்கள். பிட்டும் சொதியும் தந்த மெல்லிய கொழுப்புச் சுவை போய்விட்டது. றோல்ஸ் தரும் தடித்த சுவை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நம் ஊரிலேயே இதற்கு நேரெதிரான அனுபவம் உங்களுக்கும் இருக்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால் குளிர்த்தி முடியும்வரை வீட்டில் மீன் சட்டி அடுப்பேறாது. வருடம் முழுதும் மீன் இல்லாமல் சோறு இறங்காதவர்கள்கூட அந்த நாட்களில் மீனுக்கு ஏங்கி அலைந்து நான் பார்த்ததில்லை. பக்தியின் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள்: வீடு முழுவதும் சேர்ந்து விலகியிருக்கிறது, முடியும் நாள் எல்லோருக்கும் தெரியும், மீன் வாசனையே தெருவில் இல்லை, அதேவேளை யாரும் பட்டினி கிடப்பதில்லை, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அப்பளம், பாயாசம் என்று வயிறு நன்றாகவே நிறைகிறது. உங்கள் கிளினிக் பத்தியத்தில் இவற்றில் ஒன்றுமில்லை. நீங்கள் தனியே விலகியிருக்கிறீர்கள், பக்கத்து அடுப்பில் மற்றவர்களுக்குத் தேங்காய்ப்பால் கொதிக்கிறது, முடியும் நாள் இல்லை, வயிறும் நிறையவில்லை. 2011இல் வெளியான இரண்டு வருட ஆய்வொன்றிலும், கொழுப்புக் குறைந்த உணவு முறையில் இருந்தவர்களுக்குக் கொழுப்புணவின் மீதும், மாப்பொருள் குறைந்த முறையில் இருந்தவர்களுக்கு மாப்பொருளின் மீதும் ஏக்கம் அதிகமாகக் குறைந்தது தெரியவந்தது. ஒரு வகை உணவை விட்டு விலகியிருப்பது காலப்போக்கில் ஆசையை வளர்ப்பதில்லை. பசியோடு விலகியிருப்பதுதான் வளர்க்கிறது.

ஆகையால் நான் முதலில் திருத்தச் சொல்வது ஐந்து மணியை அல்ல, காலை ஆறு மணியை. பிஸ்கற்றை விடுங்கள். அவித்த பாசிப்பயறோ கௌபியோ ஒரு கோப்பை, மேலே இரண்டு கரண்டி தேங்காய்ப்பூ, கூட ஒரு கட்டச் சம்பல். அல்லது சிறிதளவு பிட்டும் ஒரு அவித்த முட்டையும். முட்டையையும் இறாலையும் நீங்கள் நிறுத்தியது பலர் செய்யும் பிழை. உணவிலுள்ள கொலஸ்ட்ரோலைவிட, தேங்காய், நெய், இறைச்சி போன்றவற்றில் மிகுந்திருக்கும் நிரம்பிய கொழுப்பே இரத்தத்தின் எல்.டி.எல்லை அதிகம் ஏற்றுகிறது. ஒரு முட்டையில் நிரம்பிய கொழுப்பு இரண்டு கிராமுக்கும் குறைவு. இறாலில் மொத்தக் கொழுப்பே நூறு கிராமுக்கு ஒன்றிரண்டு கிராமைத் தாண்டாது. அதைத் தடித்த பாலில் காய்ச்சுவதும் எண்ணெயில் பொரிப்பதும்தான் கணக்கை மாற்றுகின்றன. வாவிக்கரையில் இருந்துகொண்டு இறாலை வெறுத்து, கோதுமை மாவையும் கடை எண்ணெயையும் அணைத்துக்கொள்வது வீணான தியாகம். பத்தரை மணி இடைவேளைக்கு ஒரு சிறு சரை வறுத்த கச்சானோ அவித்த கடலையோ கொண்டுபோங்கள். 30 கிராம் கச்சானில் சுமார் 170 கலோரியும் ஏழெட்டுக் கிராம் புரதமும் இருக்கிறது. அதிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதி நிரம்பாத வகை. உணவில் புரதம் குறைந்தால் அதை ஈடுகட்டவே மனிதர் மொத்தத்தில் அதிகம் தின்பதாக ஒரு கருத்து 2005இலிருந்து போசணையியலில் வலுவாகப் பேசப்படுகிறது. உங்கள் மூன்று மாதச் சாப்பாட்டில் அந்த ஒரு துண்டு மீனைத் தவிரப் புரதம் என்று சொல்ல அதிகம் இல்லை. சூடை, சாளை, சூரை கிடைக்கும் நாளில் இரண்டு மடங்கு போடுங்கள். அந்த மீன்களின் கொழுப்பு உங்களுக்கு நல்லது செய்யும் கொழுப்பு.

தேங்காய் விடயத்தில் பயத்தைவிடக் கணக்குப் பயன்படும். நடுத்தர அளவுத் தேங்காய் ஒன்றின் பருப்பில் சுமார் 130 கிராம் கொழுப்பு இருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. நாளொன்றுக்கு 1,500 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு மொத்தக் கொழுப்பு 50 கிராம்வரை போகலாம். ஆனால் நிரம்பிய கொழுப்பை உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பத்துச் சதவீதத்துக்குள் அடக்கினால் 16 கிராமோடு நிறுத்த வேண்டும், எல்.டி.எல். கூடியவர்களுக்குப் பலர் சொல்லும் ஏழு சதவீதம் என்றால் 12 கிராமுக்குக் கிட்ட. நான்கு பேருள்ள வீட்டில் நாளுக்கு ஒரு தேங்காய் துருவினால், பிழிந்த சக்கையோடு போகும் பங்கைக் கழித்தாலும் உங்கள் அளவு எங்கோ தாண்டிவிடும். அரைத் தேங்காய் என்றால் எல்லை வாசலில் நிற்கிறீர்கள். ஆகவே வீடு முழுவதற்கும் அரைத் தேங்காயை ஒரு பழக்கமாக்குங்கள். பருப்பையும் மரக்கறியையும் கப்பிப்பாலில் (கடைசியாகப் பிழியும் தண்ணிப்பாலில்) அவியவிட்டு, இறக்கும் நேரத்தில் உங்கள் பங்குக்கு இரண்டு மேசைக்கரண்டி முதற்பால் விடுங்கள். அதில் ஆறேழு கிராம் கொழுப்புத்தான் வரும். முதலிலேயே விட்டுக் கொதிக்கவைப்பதைவிடக் கடைசியில் விடுவது நாக்குக்கு அதிகம் தெரியும். பால் விடாத சொதி என்ற ஒன்றை நான் ஏற்றுக்கொள்வதில்லை. சில வீடுகளில் பாலாணம் என்றே சொல்லும் ஒன்றிலிருந்து பாலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மஞ்சள் தண்ணீர். அதைக் குடித்துவிட்டு யாரும் இரவில் நிம்மதியாக உறங்க முடியாது.

தாளிதத்துக்கும் இடம் கொடுங்கள். வாசனைப் பொருட்களில் பல கொழுப்பில்தான் கரையும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் வெங்காயம், கறிவேப்பிலை, இரம்பை, கொஞ்சம் மாசி போட்டுத் தாளித்துக் கடைசியில் கொட்டினால் 40 கலோரிச் செலவில் சட்டி முழுவதும் மணக்கும். மத்தியானச் சோற்றோடு அதே அளவு எண்ணெயில் தட்டையான தாச்சியில் இருபுறமும் வாட்டிய ஒரு துண்டு மீன் வையுங்கள்; மேலோடு மொறுமொறுவென்று இருக்கட்டும். மொறுமொறுப்புக்கான ஏக்கத்தை அவித்த பூசணிக்காய் ஒருநாளும் தீர்க்காது.

இவ்வளவும் ஒரு வாரம் நடந்த பிறகு ஐந்து மணியைப் பார்ப்போம். காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்றுவரை நோன்பு காலத்தில் நோன்பு திறக்கும் ஒழுங்கைப் பார்த்திருப்பீர்கள்: முதலில் பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி; சமோசாவும் றோல்ஸும் தட்டில் இருந்தாலும் அவற்றின் முறை பிறகு. கஞ்சி உள்ளே போன பிறகு கை நீளும் வேகம் குறைந்துவிடும். அந்த ஒழுங்கை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையோடு வெளிக்கிடுமுன் நாலரை மணிக்கு ஒரு கோப்பை இலைக்கஞ்சியோ, ஒரு வாழைப்பழமும் கச்சானுமோ சாப்பிடுங்கள். கிழமைக்கு இரண்டு நாள், நீங்களே நாளைக் குறித்துக்கொண்டு, ஒரேயொரு றோல்ஸ் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, மாமியார் முன்னிலையில் தட்டில் வைத்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடுங்கள். சொக்லேற் ஆய்வு சொன்னது இதைத்தான்: அந்த றோல்ஸ் பசியின் மருந்தாக இருக்கக் கூடாது, நிறைந்த வயிற்றுக்கு மேல் வரும் ஒரு சுவையாக மட்டும் இருக்க வேண்டும். முதல் வாரம் அசௌகரியமாக இருக்கும். சந்தியில் கால் நிற்கத்தான் செய்யும். மூன்றாம் நான்காம் வாரத்தில் அந்த வாசனை வாசனையாக மட்டும் தெரியத் தொடங்கும் என்பது என் அனுபவம். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று உறுதி தர மாட்டேன், பெரும்பாலானவர்களுக்கு நடந்திருக்கிறது. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் வேட்கை சிலருக்குத் தற்காலிகமாகக் கூடும், அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம்.

சில விடயங்களை வைத்தியரிடமே கொண்டுபோக வேண்டும். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி வந்து முதுகுப் பக்கம் பரவினால் பித்தப்பையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கொழுப்பு குடலுக்குள் வந்ததும் சுரக்கும் ஓமோன் ஒன்று பித்தப்பையைச் சுருங்கச் செய்யும், உள்ளே கல் இருந்தால் அந்த வேளையில்தான் வலிக்கும். சலரோகத்துக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்து, நடுக்கத்தோடும் வியர்வையோடும் திடீர்ப் பசி வந்தால் அது ஆசை இல்லை, சீனி இறங்கியிருக்கக்கூடும். அப்போது உடனே இனிப்பான எதையாவது குடிக்க வேண்டும். ஒளித்துத் தின்பது கட்டுக்கடங்காமல் போனாலோ, தின்றதை வாந்தியெடுக்கத் தோன்றினாலோ வெட்கப்படாமல் சொல்லுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு. கொலஸ்ட்ரோல் குளிசை தந்திருந்தால், உணவு சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தயிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மட்டக்களப்புச் சட்டித் தயிர் எருமைப் பாலில் உறைவது. பசுப்பாலில் நூற்றுக்கு நான்கு பங்களவில் இருக்கும் கொழுப்பு எருமைப் பாலில் ஏழெட்டுப் பங்கு. சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு பாணியோ சர்க்கரையோ ஊற்றிக் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டால், அது றோல்ஸின் அண்ணன்: கொழுப்பும் இனிப்பும் மறுபடியும் ஒரே வாயில். அரைக் கோப்பையை அளந்து எடுத்து, மேலே படிந்த ஆடையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, உப்பும் வெங்காயமும் பச்சைமிளகாயும் வெள்ளரிக்காயும் அரிந்து போட்டு மத்தியானச் சோற்றோடு சாப்பிடுங்கள். கிழமையில் மூன்று நாள் அப்படிச் செய்யலாம். அந்த மூன்று நாளும் உங்கள் தட்டில் முதற்பால் வேண்டாம்.